அரீத்தாவின் 21 வயது ஆல்பமும் 'ஸ்டாண்டர்ட்' என்ற சொல்லும்

அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் என்றதும் பெரும்பாலானோருக்கு முதலில் ஞாபகம் வருவது 'ரெஸ்பெக்ட்' பாட்டுதான். எனக்கும் அப்படித்தான். அதைக் கேட்டுவிட்டு இவர் இதற்கு முன்னால் என்ன பாடிக்கொண்டிருந்தார் என்று தேடிப் பின்னால் போனபோது, 1963-இல் வந்த 'லாஃபிங் ஆன் தி அவுட்சைட்' என்ற ஆல்பத்தில் வந்து நின்றேன். போட்டதும் ஆச்சரியம். தாளம் அதிரவில்லை, யாரும் கை தட்டவில்லை, வயலின் கூட்டம் ஒன்று மெல்ல எழுகிறது, அதன் நடுவில் 21 வயதுப் பெண் ஒருவர் தன் அம்மா காலத்துப் பாட்டுகளை நிதானமாகப் பாடுகிறார். இவரா அவர் என்று சந்தேகமே வந்துவிட்டது.

இந்த ஆல்பம் பற்றி எழுதுகிறவர்கள் பலர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: இசைத்தட்டுக் கம்பெனிக்கு இவரை என்ன செய்வதென்று தெரியவில்லை, பழைய பாட்டுகளைக் கொடுத்துப் பாட வைத்து ஐந்தாறு வருடங்களை வீணடித்தார்கள், அப்புறம் வேறு கம்பெனிக்குப் போனதும்தான் உண்மையான அரீத்தா வெளியே வந்தார் என்று. இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தவறு என்று நினைக்கிறேன், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் 'ஸ்டாண்டர்ட்' என்றால் என்ன, ஒரு இளம் சோல் பாடகி ஏன் அதைப் பாடப் போனார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்க இசையில் உங்களுக்கு எந்தப் பழக்கமும் இல்லை என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாட்டுத் தொழில் என்பது காகிதத் தொழில். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் மேற்கு 28-ஆம் தெருவில் வரிசையாகப் பதிப்பகங்கள் இருந்தன, 'டின் பான் ஆலி' என்று அந்த இடத்துக்கே பெயர். அங்கே பாட்டெழுதுகிறவர்களும் மெட்டமைக்கிறவர்களும் உட்கார்ந்து பாட்டுகளை உருவாக்கினார்கள். இசைக் குறிப்பும் வரிகளும் அச்சிட்ட தாள்களை மக்கள் கடையில் வாங்கிப்போய் வீட்டுப் பியானோவில் வாசித்துப் பாடினார்கள். இது ஏன் முக்கியம் என்றால், அந்தப் பாட்டு ஒரு குறிப்பிட்ட குரலுக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல, வாங்குகிற யாரும் பாடுவதற்காக எழுதப்பட்டது. எழுதுகிறவர் வேறு, பாடுகிறவர் வேறு. அப்புறம் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயின் இசை நாடகங்களும் ஹாலிவுட் படங்களும் இதே ஆட்களிடம் பாட்டு வாங்கத் தொடங்கின. நாடகம் ஒரு வருடத்தில் ஓய்ந்துவிடும், கதை மறந்துவிடும், அதிலிருந்த ஒரு பாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டு தனியாக ஊர் சுற்றும். 1937-இல் ரிச்சர்ட் ராஜர்ஸும் லோரன்ஸ் ஹார்ட்டும் ஒரு நாடகத்துக்காக எழுதிய 'மை ஃபன்னி வேலன்டைன்' அப்படிப்பட்டது. நாடகத்தின் கதை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டு தெரியாதவர் குறைவு.

இப்படிப் பல பாடகர்கள் கை மாறி, எழுதிய காலத்தைத் தாண்டி நிலைத்துவிட்ட பாட்டுக்குத்தான் ஸ்டாண்டர்ட் என்று பெயர். யாரும் உட்கார்ந்து பட்டியல் போட்டு அறிவித்ததில்லை. திரும்பத் திரும்பப் பாடப்பட்டே ஒரு பாட்டு ஸ்டாண்டர்ட் ஆகிறது. கீர்த்தனை கேட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும்: இது யார் பாட்டு என்று கேட்டால் இயற்றியவர் பெயரைச் சொல்வோம், ஆனால் நாம் கேட்கப் போவது இன்றைக்கு இவர் அதை எப்படிப் பாடுகிறார் என்பதை. ஸ்டாண்டர்டும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்.

அமைப்பும் பெரும்பாலும் ஒன்றுதான், 32 அளவுகள். அளவு என்றால் தாளத்தின் ஒரு சுற்று, நம் ஆவர்த்தனம் மாதிரி. எட்டு அளவுக்கு ஒரு மெட்டு, அடுத்த எட்டுக்கு அதே மெட்டு வேறு வரிகளோடு, மூன்றாவது எட்டில் மெட்டு வேறு பக்கம் திரும்பும், இதைப் 'பிரிட்ஜ்' என்பார்கள், கடைசி எட்டில் முதல் மெட்டுக்கே வந்து சேரும். எல்லாப் பாட்டும் இப்படி இல்லை, ஆனால் ஏராளமானவை இப்படித்தான். இதில் கவனிக்க வேண்டியது அந்தத் திரும்பி வருதல். பிரிட்ஜில் வெளியே போய்விட்டு முதல் மெட்டுக்கு மறுபடி வரும்போது கேட்பவருக்கு அடுத்த ஸ்வரம் என்ன என்று தெரியும். பாடுகிறவருக்கும் அது தெரியும். எதிர்பார்த்ததைக் கொடுப்பதா, தள்ளிப் போடுவதா, மாற்றிக் கொடுப்பதா என்ற முடிவு அந்த நொடியில் பாடகரின் கையில் இருக்கிறது. ஒரு பாடகரின் குணம் தெரியவரும் இடம் அது.

இனி ஆல்பம். நாம் இன்று ஆல்பம் என்று சொல்கிற நீள இசைத்தட்டை, நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் எல்.பி.யை, 1948-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது கொலம்பியா ரெக்கார்ட்ஸ். அடுத்த வருடமே போட்டிக் கம்பெனியான ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றுச் சின்னத் தட்டைக் கொண்டுவந்தது. போகப்போக இரண்டுக்கும் இரண்டு விதமான ஆட்கள் அமைந்தார்கள். சின்னத் தட்டு விலை குறைவு, பக்கத்துக்கு ஒரு பாட்டு, அதைப் பதின்வயதினர் வாங்கினார்கள். எல்.பி.யை வேலைக்குப் போகிற பெரியவர்கள் வாங்கி வீட்டுக் கூடத்தில் மாலையில் போட்டுக் கேட்டார்கள். அந்தப் பெரியவர்களுக்குப் பிடித்தது ஸ்டாண்டர்ட்தான். 1950-களில் ஃபிராங்க் சினாட்ரா ஒரே மனநிலையில் அமைந்த பழைய பாட்டுகளைத் தொகுத்து ஆல்பம் ஆல்பமாகக் கொடுத்தார். 1956-இலிருந்து எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒவ்வொரு பாடலாசிரியருக்கும் ஒரு 'சாங் புக்' என்று வரிசையாகப் பாடினார், முதலாவது கோல் போர்ட்டருடையது. ஆக 1960 வாக்கில், ஒருவரை வெறும் ஹிட் பாட்டுக்காரராக இல்லாமல் 'பாடகர்' என்று மதிக்க வேண்டுமென்றால் அவரிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஆல்பம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது.

கறுப்பினப் பாடகர்களுக்கு இதில் இன்னொரு கனமும் சேர்ந்துகொண்டது. பெரிய நகரத்து இரவு விடுதி, தொலைக்காட்சி, வெள்ளையர் வீட்டுக் கூடம், இவை திறக்க வேண்டுமென்றால் அந்தக் கதவுகளுக்கு ஸ்டாண்டர்ட் ஒரு சாவி மாதிரி. அந்தச் சாவியும் எப்போதும் வேலை செய்யவில்லை. நாட் கிங் கோலை விட நேர்த்தியாக அந்தப் பாட்டுகளைப் பாடியவர் யார்? 1956-இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவருக்கென்று தனி நிகழ்ச்சி வந்தது, கறுப்பினத்தவர் ஒருவர் நடத்துகிற நிகழ்ச்சிக்கு நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் கடைசிவரை கிடைக்கவில்லை, 1957 டிசம்பரோடு நின்றுவிட்டது. இருந்தாலும் அடுத்த தலைமுறை அதே வழியில் போகத்தான் செய்தது, ஏனென்றால் போன இடத்தில் வெற்றியும் இருந்தது. ரே சார்ல்ஸ் 1960-இல் 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' என்ற 1930-ஆம் வருடத்துப் பாட்டை எடுத்து, வயலின்களுக்கு நடுவே தேவாலயத்துக் குரலில் பாடி அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அந்த வருடக் கடைசியில் 22 வயது எட்டா ஜேம்ஸ் 'அட் லாஸ்ட்' பாடினார், அது 1940-களின் படப் பாட்டு. 1961-இல் மார்வின் கேயின் முதல் ஆல்பமே பெரும்பாலும் ஸ்டாண்டர்ட்தான். 1963-இல் 13 வயது ஸ்டீவி வொண்டரையும் ஒரு முழு ஆல்பத்துக்கு இதே மாதிரிப் பாட்டுகளைப் பாட வைத்தார்கள். ஆகவே அரீத்தாவுக்கு நடந்தது தனி விபத்து இல்லை, அந்தக் காலத்தில் ஊரெல்லாம் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது.

'சோல்' என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கறுப்பினத் தேவாலயங்களில் பாடுகிற காஸ்பல் முறையை, அதன் பிருகாக்கள், உச்சத்தில் எழும் கூவல், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஏற்றுவது, பாடகர் ஒன்று சொல்ல கூட்டம் பதில் சொல்வது என்று எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்து, காதலும் ஏமாற்றமும் பேசுகிற பாட்டுகளில் வைத்தால் வருவது சோல். 1963-இல் இந்தப் பெயர் இன்னும் முழுதாக ஒட்டவில்லை. பில்போர்டு என்ற இசைத் தொழில் பத்திரிகை தன் கறுப்பின இசை ஹிட் பட்டியலுக்கு 'சோல்' என்று பெயர் வைத்ததே 1969-இல்தான்.

இப்போது அரீத்தா. 1942 மார்ச் 25-இல் மெம்பிஸில் பிறந்து, டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். அப்பா சி.எல். ஃபிராங்க்ளின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர், அவருடைய பிரசங்கங்கள் இசைத்தட்டாக வந்து நாடு முழுவதும் விற்றன. காஸ்பல் பாடகிகள் மஹாலியா ஜாக்சனும் க்ளாரா வார்டும் அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்கள். காஸ்பலிலிருந்து காதல் பாட்டுக்குத் தாவிய சாம் குக்கும் அந்தக் குடும்பத்துக்குப் பழக்கம். 14 வயதில் தேவாலயத்திலேயே பாடிப் பதிவான பாட்டுகள் அரீத்தாவுக்கு இருந்தன. 18 வயதில் அவரைக் கொலம்பியாவுக்கு எடுத்தவர் ஜான் ஹாம்மண்ட். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயை முதன்முதலில் ஒலிப்பதிவுக்குக் கொண்டுவந்தவர் அவர், அடுத்த வருடமே பாப் டிலனையும் எடுக்கப் போகிறவர். சாதாரணக் காது இல்லை.

1961-இல் வந்த முதல் கொலம்பியா ஆல்பத்தில் ரே ப்ரயண்டின் சின்னக் குழு வாசிக்கிறது, ப்ளூஸும் காஸ்பலும் 'ஓவர் தி ரெயின்போ'வும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த வருடமே 'ராக்-எ-பை யுவர் பேபி வித் எ டிக்ஸி மெலடி' என்ற பாட்டு அவருக்கு பாப் பட்டியலில் 37-ஆம் இடம் வாங்கிக் கொடுத்தது. 1918-இல் ஆல் ஜோல்சன் பாடிப் பிரபலமாக்கிய பாட்டு அது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவர் வேடத்தில் பாடிப் பெயர் வாங்கிய வெள்ளைக்காரர் ஜோல்சன். அவருடைய பாட்டை எடுத்து ஒரு கறுப்பினப் போதகரின் மகள் தேவாலயத்துக் குரலில் பாடுகிறார் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள், அதில் உள்ள துணிச்சல் புரியும்.

அப்புறம் ராபர்ட் மெர்சி என்ற இசை அமைப்பாளரிடம் போகிறார். ஆண்டி வில்லியம்ஸுடன் வேலை செய்தவர், வயலின்களை வைத்து மெத்து மெத்தென்று ஒரு ஒலியைக் கட்டத் தெரிந்தவர். அவர் தயாரித்து, ஆர்கெஸ்ட்ராவை நடத்தி வந்ததுதான் 'லாஃபிங் ஆன் தி அவுட்சைட்'. வெளியே சிரிப்பு, உள்ளே அழுகை என்று சொல்கிற 1946-ஆம் வருடப் பாட்டிலிருந்து ஆல்பத்துக்குப் பெயர். எர்விங் பெர்லின் 1932-இல் எழுதியது ஒன்று, ட்யூக் எலிங்டனின் 'சாலிட்யூட்' ஒன்று, பிராட்வே நாடகங்களிலிருந்து சில. முழுக்க மெதுவான நடை.

முதல் பாட்டு 'ஸ்கைலார்க்'. இதற்காக மட்டுமே இந்த ஆல்பத்தை வாங்கலாம் என்று சொல்வேன். ஹோகி கார்மைக்கேல் மெட்டு, ஜானி மெர்சர் வரிகள், 1941. ஸ்கைலார்க் என்றால் வானம்பாடி. பறந்துகொண்டிருக்கும் பறவையைப் பார்த்து, என் மனதுக்குரியவர் எங்கேயாவது இருக்கிறாரா, நீ போகிற வழியில் பார்த்தாயா என்று கேட்கிற பாட்டு. பறவையிடம் தூது கேட்பது நமக்குப் புதிதா என்ன. மெட்டு பாடுவதற்குச் சிரமமானது, ஸ்வரங்கள் படிப்படியாகப் போகாமல் தாவித் தாவிப் போகும், பிரிட்ஜில் சுருதியே வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டு எப்படியோ வீட்டுக்குத் திரும்பும்.

அரீத்தா தொடக்கத்தில் அடக்கமாகத்தான் பாடுகிறார். எழுதி வைத்த மெட்டுக்கு ரொம்பப் பக்கத்தில். ஆனால் சொற்களைத் தாளத்தோடு சேர்த்துப் போடாமல் ஒரு இழை பின்னால் விடுகிறார், ஆர்கெஸ்ட்ரா முன்னால் போய்விடுகிறது, இவர் அவசரமில்லாமல் வந்து சேர்கிறார். பறவைக்கு முன்னால் நின்று பதிலுக்காகக் காத்திருக்கிற ஆள் அப்படித்தானே பேசுவார். பிற்பகுதியில், பிரிட்ஜ் முடிந்து அந்த முதல் சொல்லுக்கே திரும்பி வரும் நேரம். நான் மேலே சொன்ன இடம். எதிர்பார்த்த ஸ்வரத்தில் மெல்ல வந்து இறங்கலாம், எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இவர் குரலை ஒரே தாவலில் மேலே தூக்கிவிடுகிறார். அதுவரை தரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று பறவை இருக்கும் உயரத்துக்கே போய்க் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அந்தத் தாவல் மெர்சரின் வரிகளில் கிடையாது, கார்மைக்கேலின் மெட்டில் கிடையாது, டெட்ராய்ட் தேவாலயத்திலிருந்து வந்தது. ஆனால் பாட்டை அது உடைக்கவில்லை, பாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த ஏக்கத்தைத்தான் உரக்கச் சொல்கிறது. எட்டா ஜேம்ஸ் பின்னாளில் ஒரு கதை சொல்லியிருக்கிறார், இந்தப் பதிவைக் கேட்ட பிறகு சாரா வான் இனி நான் அந்தப் பாட்டைப் பாடப் போவதில்லை என்றாராம். சாரா வான் ஜாஸ் உலகின் மிகப் பெரிய குரல்களில் ஒன்று என்பதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அடுத்தது 'ஃபார் ஆல் வீ நோ'. 1934, மெட்டு ஜே. ஃப்ரெட் கூட்ஸ், வரிகள் சாம் லூயிஸ். நாளை நாம் சந்திப்போமோ இல்லையோ, இந்த இரவு இருக்கிறது என்கிற பாட்டு. (இதே கூட்ஸ்தான் அதே வருடம் 'சாண்டா கிளாஸ் இஸ் கமிங் டு டவுன்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டுக்கும் மெட்டுப் போட்டார், இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை என்று நம்பவே முடியாது.) ஸ்டாண்டர்டைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வழி, இந்த ஒரு பாட்டை நான்கு பேரிடம் கேட்பது. 1958-இல் நாட் கிங் கோல் பாடியிருக்கிறார், குரலில் ஒரு சுருக்கமும் இல்லாத பட்டுத் துணி மாதிரி, பிரிவைக்கூட மரியாதையோடு சொல்கிறார். அதே வருடம் பில்லி ஹாலிடே பாடியிருக்கிறார், குரல் அதற்குள் தேய்ந்து கீறல் விழுந்துவிட்டது, மறு வருடம் இறந்துபோகிறார், நாளை இல்லாமல் போகலாம் என்ற வரி அவர் வாயிலிருந்து வரும்போது வேறு அர்த்தம். அப்புறம் 1963-இல் அரீத்தா. இளம் குரல், வலு நிறைய, ஆனால் அவசரமில்லை. 1972-இல் டானி ஹாத்தவே, சோல் முறையில் இந்தப் பாட்டு எங்கே போய்ச் சேர முடியும் என்பதற்கு அதுதான் சாட்சி. பாட்டு மாறவில்லை, வரிகள் மாறவில்லை. அதனால்தான் பாடகர்களுக்கு இடையிலான வித்தியாசம் இவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது. புதுப் பாட்டு ஒன்றைக் கேட்கும்போது எது பாட்டின் அழகு, எது பாடகரின் அழகு என்று பிரிக்க முடியாது. தெரிந்த பாட்டில் பிரிக்க முடியும்.

'ஐ வானா பி அரவுண்ட்' பற்றியும் சொல்ல வேண்டும், அதன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒஹையோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்ற ஊரில் கடையில் ஒப்பனைப் பொருள் விற்றுக்கொண்டிருந்த சேடி விம்மர்ஸ்டெட் என்ற பாட்டி, உன் மனதை ஒருவர் உடைக்கும்போது அதைப் பார்க்க நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கருத்தை ஒரு கடிதத்தில் எழுதி ஜானி மெர்சருக்கு அனுப்பினார். முகவரி தெரியாததால் 'ஜானி மெர்சர், பாடலாசிரியர், நியூயார்க்' என்கிற அளவில்தான் உறை மேல் எழுதியிருந்தார், அது எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. மெர்சர் அதை முழுப் பாட்டாக்கி, பாட்டியின் பெயரையும் ஆசிரியராகச் சேர்த்து, வருமானத்திலும் பங்கு கொடுத்தார். 1963-இல் டோனி பென்னட் பாடி அது ஹிட் ஆனது, அந்த வருடமே அரீத்தாவும் பாடிவிட்டார். பழைய பாட்டு மட்டும்தான் ஸ்டாண்டர்ட் என்பதில்லை, புதுப் பாட்டு ஒன்று கை மாறத் தொடங்கி ஸ்டாண்டர்ட் ஆகிற வேலை நடக்கும் தருணம் இது.

இவ்வளவு சொன்னாலும் ஆல்பத்தில் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரே வேகத்தில் பாட்டு மேல் பாட்டாகப் போவதால் இரண்டாவது பக்கத்தில் சலிப்புத் தட்டுகிறது. வயலின்கள் சில இடங்களில் பாயசத்தில் சர்க்கரை கூடிப்போன மாதிரி. ஆனால் உண்மையான சிக்கல் சர்க்கரை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. காஸ்பலின் உயிர் பதில் சொல்வதில் இருக்கிறது. பாடகி ஒரு வரியை நீட்டினால் கூட்டம் 'ஆமாம்' என்கிறது, பியானோ ஒரு அழுத்தம் கொடுக்கிறது, அந்தப் பதிலைக் கேட்டு அவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். இங்கே வயலின்காரர்கள் தாளில் எழுதியிருப்பதை வாசிக்கிறார்கள், அது அவர்கள் வேலை. அரீத்தா 'ஸ்கைலார்க்'கில் அப்படித் தாவுகிறாரே, அந்தத் தாவலைக் கேட்டு ஆர்கெஸ்ட்ராவில் யாரும் எதையும் மாற்றி வாசிக்க முடியாது. தனியாக ஒருவர் பேசுகிற பேச்சாக அது நின்றுவிடுகிறது. எவ்வளவு அழகான பேச்சு என்றாலும் எதிரில் ஆள் இல்லை.

1966 முடிவில் கொலம்பியாவை விட்டு அட்லாண்டிக் கம்பெனிக்குப் போகிறார். 1967 ஜனவரியில் அலபாமாவின் மஸ்ல் ஷோல்ஸ் என்ற சின்ன ஊர் ஸ்டுடியோவில், தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் அவரைப் பியானோவுக்கு முன்னால் உட்கார வைக்கிறார். சுற்றி உள்ள வாத்தியக்காரர்கள் எழுதிய தாள் இல்லாமல் காதால் கேட்டு வாசிக்கிறவர்கள். பிப்ரவரியில் நியூயார்க்கில் 'ரெஸ்பெக்ட்' பதிவாகிறது, தங்கை கரோலினும் அக்கா எர்மாவும் பின்னால் நின்று ஒவ்வொரு வரிக்கும் பதில் கொடுக்கிறார்கள். இருவரும் சேர்ந்து கொடுக்கிற அந்தப் பதில்தான் கொலம்பியாவில் இல்லாமல் போனது.

சரி, இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த மீதிப் பாதிக்கு வருகிறேன். 'ரெஸ்பெக்ட்' யார் பாட்டு? ஓடிஸ் ரெடிங் எழுதி 1965-இல் தானே பாடி வெளியிட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற ஆண் மனைவியிடம் கொஞ்சம் மரியாதை கேட்கிற பாட்டு. அரீத்தா அதை எடுத்துப் பெண்ணின் வாயில் வைத்தார், அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உச்சரிக்கும் பகுதியைச் சேர்த்தார், ஓடிஸிடம் இல்லாத ஒரு பிரிட்ஜைச் சேர்த்தார், கேட்கிற தொனியையே கட்டளையாக மாற்றினார். அடுத்த வருடம் 'ஐ ஸே எ லிட்டில் ப்ரேயர்', அது டயோன் வார்விக் ஏற்கெனவே பாடி ஹிட் ஆன பாட்டு. வேறொருவர் பாட்டை எடுத்து, வரிகளுக்குப் பக்கத்திலேயே நின்று, எங்கே விலகினால் அது தன்னுடையதாகும் என்று கண்டுபிடிப்பது. இந்த வேலையை அவர் 1967-இல் திடீரென்று கற்றுக்கொண்டிருக்க முடியாது. பெர்லினையும் மெர்சரையும் எலிங்டனையும் ஐந்தாறு வருடம் பாடிப் பாடித்தான் அது கையில் வந்திருக்கும் என்று நம்புகிறேன். ஸ்டாண்டர்ட் அவருக்குச் சிறை என்று சொல்கிறவர்கள் 'ரெஸ்பெக்ட்'டும் மறுபடி பாடப்பட்ட பாட்டுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கேட்டுப் பார்க்க நினைத்தால் இப்படித் தொடங்குங்கள். ஆல்பம் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம், மேலே சொன்ன சலிப்பு வந்துவிடும். முதலில் 'ஸ்கைலார்க்'கை வேறு யாராவது பாடியதில் இரண்டு முறை கேட்டு மெட்டை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், நாலு வரி முணுமுணுக்கிற அளவுக்கு வந்தால் போதும். அப்புறம் அரீத்தாவைப் போடுங்கள், முடிந்தால் ஹெட்ஃபோனில், இரவில். எந்தச் சொல்லில் பின்தங்குகிறார், எந்தச் சொல்லை நீட்டுகிறார், பிரிட்ஜ் முடிந்ததும் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். மறுநாள் 'ஃபார் ஆல் வீ நோ', நான்கு பேரும். அதற்குப் பிறகு 'ரெஸ்பெக்ட்' ஓடிஸ் பாடியது, உடனே அரீத்தா பாடியது.

கடைசியாக ஒன்று. 1972 ஜனவரியில் அரீத்தா லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில், ஜேம்ஸ் க்ளீவ்லாண்டும் அவருடைய பாடகர் குழுவும் பின்னால் நிற்க, இரண்டு இரவுகள் காஸ்பல் பாடினார், 'அமேஸிங் க்ரேஸ்' என்று அது ஆல்பமாக வந்தது. கடவுள் பாட்டுகளுக்கு நடுவே 'யூ வில் நெவர் வாக் அலோன்' என்ற பாட்டும் அதில் இருக்கிறது. அது தேவாலயத்துப் பாட்டே இல்லை, 1945-இல் ராஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் பிராட்வேயில் ஒரு இசை நாடகத்துக்காக எழுதியது. அதாவது ஒரு ஸ்டாண்டர்ட். இந்த முறை அவர் குரலை உயர்த்தியபோது கூடியிருந்த மக்கள் பதில் சொன்னார்கள்.